ஆரல்வாய்மொழியைத் தாண்டாத தபால்தலை

திருவிதாங்கூர் சமஸ்தானம் 1888-ல் தன் முதல் தபால்தலையை வெளியிட்டது. ராஜாவின் தலை இல்லை. நடுவில் ஒரு சங்கு. நாகர்கோவில்காரர் ஒருவர் திருவனந்தபுரத்துக்கோ ஆலப்புழைக்கோ கடிதம் போட அந்தச் சங்கு போதும். ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி வள்ளியூரில் கட்டிக்கொடுத்த மகளுக்கு எழுத வேண்டுமென்றால் சங்குக்கு மதிப்பில்லை. அதற்கு பிரிட்டிஷ் இந்தியாவின் தபால்தலை வாங்கி ஒட்டி, பிரிட்டிஷ் தபாலாபீசில் போட வேண்டும். திருவனந்தபுரம் ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். வள்ளியூர் அதில் பாதிதான். கிட்ட இருப்பது வெளியூர், எட்ட இருப்பது உள்ளூர்.

இன்று ‘ரோமிங்’ என்று நாம் சொல்லும் சங்கதி இதுதான். தூரத்துக்கும் கட்டணத்துக்கும் சம்பந்தமில்லை. எந்த வலை யாருடையது, அதன் எல்லை எங்கே முடிகிறது, எல்லைக்கு அப்பால் இருப்பவனோடு இவனுக்கு உடன்படிக்கை உண்டா என்பதுதான் கணக்கு. தனுஷ்கோடிக்குச் சுற்றுலா போனவர்களின் போனில் இலங்கை நிறுவனத்தின் வரவேற்புக் குறுஞ்செய்தி வந்து விழுவதும் இதே கணக்கில்தான். கால் இந்திய மண்ணில் நிற்கிறது. போன் வேறு நாட்டுக்குப் போய்விட்டது.

ராஜாவின் தபால் ஏற்பாட்டுக்கு அஞ்சல் என்று பெயர். முதலில் அரசு ஓலைகளைக் கொண்டுபோகத்தான் ஏற்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டார்கள். மணி கட்டிய கோலைக் கையில் பிடித்துக்கொண்டு பையைத் தோளில் போட்டு ஓடும் அஞ்சலோட்டக்காரரைப் பற்றித் தென் திருவிதாங்கூரின் பழைய வீடுகளில் இன்னும் கதை உண்டு. மணிச்சத்தம் கேட்டால் வழிவிட வேண்டும். ராஜாவுடையது அஞ்சல், வெள்ளைக்காரனுடையது தபால். இரண்டு சொல், இரண்டு ஆபீஸ், இரண்டு வகைத் தலை. 1949-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. 1951-ல் அஞ்சல் இந்தியத் தபால் துறையில் கரைந்தது. 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது. தோற்றுப்போனது அஞ்சல் என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் இன்றைக்கு எந்தத் தபாலாபீஸ் பலகையிலும் ‘அஞ்சல்’ என்றுதான் எழுதியிருக்கிறது.

நாகர்கோவிலை ஒட்டிய நாஞ்சில் நாட்டில் கடல் கடந்த தபாலுக்கு ஏங்கி முதலில் காத்திருந்தவர்கள் இங்கே வந்த வெளியூர்க்காரர்கள்தான். லண்டன் மிஷன் அனுப்பிய ரிங்கல்தௌபே 1806-ல் மயிலாடிக்கு வந்தபோது சூயஸ் கால்வாய் கிடையாது. கடிதம் ஆப்பிரிக்காவைச் சுற்றி லண்டன் போய்ச் சேர மாதங்கள் ஆகும்; பதில் வர அதே அளவு. ஒரு கேள்விக்கு விடை கிடைக்க ஏறத்தாழ ஒரு வருஷம். பின்னால் வந்த மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்து இங்கிலாந்தில் விற்க ஏற்பாடு செய்ததும் இந்தக் கப்பல் கடிதங்களை நம்பித்தான். நீராவிக் கப்பல்களும் எகிப்து வழியும் வந்த பிறகுதான் மாதம் வாரமாகச் சுருங்கியது; 1869-ல் சூயஸ் திறந்ததும் இன்னும் குறைந்தது.

ஊர்க்காரர்கள் வெளியே போனதும் அந்த நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குத் தென் திருவிதாங்கூரில் இருந்து ஆள் போனார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரர் எந்தத் தலையை ஒட்டி யாருக்குக் கடிதம் போட்டிருப்பார்? ஊருக்குத் திரும்புகிறவர் வாய்வழியாகச் சொல்லும் சேதிதான் அவருடைய அஞ்சல், தபால் எல்லாம்.

இந்த வரலாற்றில் சுவையான பகுதி வளைகுடாவில் தொடங்குகிறது.

1973-ல் எண்ணெய் விலை ஏறியதும் அரபு நாடுகளில் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. கேரளத்தை ஒட்டிக் கிடக்கும் விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களுக்கு அந்தச் செய்தி உடனே எட்டிவிட்டது. கொத்தனார், வெல்டர், நர்ஸ், டிரைவர் எனப் போனார்கள். கடற்கரை ஊர்களில் இருந்து போனவர்கள் அங்கேயும் கடல் தொழிலுக்குத்தான் போனார்கள். பஹ்ரைன், சவூதி, கத்தார், ஈரான் கரைகளில் அந்தந்த ஊர் முதலாளிகளின் லாஞ்சுகளில் மீன் பிடிப்பதற்கு.

அவர்களுடைய கடிதம் நீல நிற ஏர் மெயில் உறையில் வரும். இரண்டு வாரம் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். பிறகு டேப் ரிக்கார்டர் வந்தது. அதையே அங்கிருந்துதானே வாங்கி வந்தார்கள்! ஒரு வெற்று கேசட்டின் இரண்டு பக்கமும் பேசி, ஊருக்கு வருகிறவரிடம் கொடுத்து அனுப்புவார்கள். வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். மனைவிக்கு மட்டும் சொல்ல வேண்டியது எங்கே வருமோ என்று யாருக்கும் தெரியாது. அந்த இடம் வந்ததும் யாராவது எழுந்து பட்டனை அமுக்க வேண்டும். பதிலைப் பேசி அதே கேசட்டைத் திருப்பி அனுப்பினால் பழைய குரல் அழிந்துபோகும். அதற்கு மனம் வராமல் பலர் புதுக் கேசட் வாங்கினார்கள்.

தந்தி மட்டும் வேறு கதை. தந்திக்காரர் சைக்கிள் தெருவில் திரும்பினாலே அடிவயிறு கலங்கும். நல்ல சேதிக்கு யாரும் தந்தி அடிப்பதில்லை என்பது ஊர் நம்பிக்கை. அந்தத் தந்திச் சேவை 2013 ஜூலையில் நாடு முழுவதும் நின்றுபோனபோது அழுதவர்கள் குறைவு.

தொலைபேசிக்கு வருவோம். இந்தியாவின் முதல் வணிகச் செயற்கைக்கோள் தரைநிலையம் புனே அருகே ஆர்வியில் 1971-ல் இயங்கத் தொடங்கியது. ஆனாலும் வெளிநாட்டுக்குப் பேச ட்ரங்கால் பதிவு செய்துவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். சாதாரணம், அவசரம், மின்னல் என மூன்று தரம். மின்னல் காலுக்குக் கட்டணம் பல மடங்கு. லைன் மட்டும் எப்போதும் மின்னலாக வந்ததில்லை. 1984-ல் சி-டாட் என்ற அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையம் தொடங்கியது, கிராமத்து வெயிலையும் தூசியையும் தாங்கும் எக்ஸ்சேஞ்சைச் செய்தது. 1986-ல் வெளிநாட்டு இணைப்புக்கென்று வி.எஸ்.என்.எல். பிறந்தது. இந்த இரண்டும் சேர்ந்து கொடுத்ததுதான் மஞ்சள் பலகை: எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ.

வடசேரி பஸ் நிலையத்தைச் சுற்றியும் மார்த்தாண்டம் சந்தியிலும் தக்கலையிலும் குளச்சலிலும் இரவு பத்து மணிக்கு மேல் விளக்கு எரிந்த கடைகள் அவை. மாற்றுத் திறனாளிகளுக்கு முன்னுரிமை கொடுத்து உரிமம் வழங்கியதால் ஒரு குடும்பத்தின் பிழைப்பும் அதில் ஓடியது. கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றால் வேர்த்துக் கொட்டும். தலைக்கு மேல் சின்னப் பெட்டியில் சிவப்பு எண்கள் ஓடும். 00 போட்டு, சவூதி என்றால் 966, குவைத் என்றால் 965, அமீரகம் என்றால் 971. எதிர்முனையில் ‘ஹலோ’ கேட்பதற்குள் எண் ஓட ஆரம்பித்திருக்கும். கண் எண்ணில் இருக்கும், வாய் மகனிடம் பேசும். “சாப்பிட்டியா, வச்சிருதேன்” என்பதுதான் பாதிப் பேச்சு. மீட்டர் கக்கும் துண்டுச் சீட்டை வீட்டில் வைத்து மறுபடி மறுபடி பார்ப்பார்கள், அத்தனை ரூபாய்க்கு அப்படி என்ன பேசினோம் என்று.

அங்கிருந்து இங்கே வரும் அழைப்புக்கு இன்னொரு ஏற்பாடு இருந்தது. பி.பி. நம்பர். தெருவில் போன் இருக்கும் ஒரு வீட்டின் எண்ணை அந்தத் தெருவே தன் எண்ணாக விசிட்டிங் கார்டில்கூடப் போட்டுக்கொள்ளும். நாகர்கோவில் என்றால் 04652, குழித்துறை என்றால் 04651, பிறகு அந்த வீட்டு எண். முதல் அழைப்பு ஆளைக் கூப்பிட. வைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து இரண்டாவது அழைப்பு பேச. “யக்கா, ஒங்க மவன் பேசுதான், ஓடியாங்க!” என்று மதிலுக்கு மேல் குரல் போகும். அடுத்த வீட்டு ஹாலில் நின்று, அந்த வீட்டார் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காத்திருக்க, ஒரு தாய் மகனோடு எதைத்தான் பேசிவிட முடியும்? ஆனாலும் அந்த உபகாரத்துக்கு யாரும் காசு வாங்கியதில்லை. இன்று ஒருவருடைய ஹாட்ஸ்பாட்டைக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள்.

சிம் கார்டு பிறந்தது இதற்கு நடுவில், வெகுதூரத்தில். 1991-ல் ஜெர்மனியின் கீசெக்க அண்ட் டெவ்ரியன்ட் நிறுவனம் பின்லாந்தின் ரேடியோலின்யாவுக்கு 300 சிம்களை விற்றது. அன்றைய சிம் ஏ.டி.எம். அட்டை அளவு இருந்தது. மறு வருஷமே பின்லாந்து நிறுவனம் ஒன்றும் பிரிட்டனின் வோடஃபோனும் முதல் ரோமிங் உடன்படிக்கையைச் செய்துகொண்டன. சங்குத் தலைக்குக் கிடைக்காத உடன்படிக்கை! சிம்முக்குள் இருக்கும் எண்ணின் முதல் மூன்று இலக்கம் அது எந்த நாட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடும். இந்தியாவுக்கு 404, 405, சவூதிக்கு 420, அமீரகத்துக்கு 424. ரியாத் டவர் அதைப் படித்துவிட்டு, ‘உங்கள் ஆள் வந்திருக்கிறார், கணக்கில் சேர்த்துக்கொள்ளலாமா’ என்று இந்திய நிறுவனத்தைக் கேட்கும். அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும்தான் நாம் தண்டம் கட்டுகிறோம்.

இந்தியாவில் 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு முதல் செல்போன் அழைப்பைப் பேசினார். நிமிடத்துக்குப் பதினாறு ரூபாய் வரை போன காலம் அது. வருகிற அழைப்புக்கும் காசு. 2003-ல் உள்வரும் அழைப்பு இலவசமான பிறகுதான் குமரி மாவட்டத்து மீன் சந்தையிலும் செல்போன் மணி கேட்கத் தொடங்கியது. மிஸ்டு கால் என்ற பழக்கமும் பரவியது. ஒரு மணி அடித்தால் வந்து சேர்ந்தேன், இரண்டு அடித்தால் திரும்பக் கூப்பிடு. காசில்லாத தந்தி.

வளைகுடா போகிறவர் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறியதும் ஒரு சடங்கு நடக்கும். ஊசியால் குத்தி இந்திய சிம்மை எடுத்து, செல்லோ டேப் போட்டு பாஸ்போர்ட்டின் பின்னட்டையில் ஒட்டுவார். 12.3 மில்லிமீட்டர் நீளம், 8.8 மில்லிமீட்டர் அகலம். இருட்டில் சீட்டுக்கு அடியில் விழுந்தால் விழுந்ததுதான். பாங்க் ஓ.டி.பி., ஆதார், காஸ் புக்கிங் எல்லாம் தொங்குவது அந்தத் துண்டில். இறங்கியதும் அந்த ஊர் சிம் வாங்க வேண்டும். நிரந்தர சிம்முக்குப் பெரும்பாலும் அந்த ஊர் அடையாள அட்டை கேட்பார்கள். அது கைக்கு வர வாரங்கள் ஆகும். அதுவரை அறைத்தோழரின் போன்தான் புது யுகத்து பி.பி. நம்பர்.

வாட்ஸ்அப் வந்தால் தீர்ந்தது என்று பார்த்தால், அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், பேச முடியாது. அரசு அனுமதித்த பாட்டிம் போன்ற செயலியில் பேச வேண்டும். சவூதி 2017-ல் தடையைத் தளர்த்தியது. ஐமோ என்ற செயலியை நாகர்கோவில் நகரத்தில் பலருக்குத் தெரியாது. கடற்கரைக் கிராமத்துப் பாட்டிகளுக்குத் தெரியும். காரணம் இந்தத் தடைகள்தான். ராஜாவின் அஞ்சலா, வெள்ளைக்காரனின் தபாலா என்ற பழைய கேள்வி வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது.

2020 பிப்ரவரி இறுதியில் ஈரானில் கொரோனா பரவியபோது அங்கே சிக்கிய தமிழ் மீனவர்களில் பெரும்பாலோர் குமரிக்காரர்கள். சாப்பாடு தீர்ந்துகொண்டிருப்பதை அவர்கள் கைப்பேசியில் வீடியோவாக எடுத்து அனுப்பினார்கள். அதுதான் ஊரை எழுப்பியது. பந்தர் அப்பாஸில் இருந்து 687 இந்தியர்களை ஏற்றிக்கொண்டு கடற்படைக் கப்பல் ஐ.என்.எஸ். ஜலாஷ்வா ஜூலை 1-ல் தூத்துக்குடிக்கு வந்தது.

அதற்கு முன்பு, 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது வீடியோ அனுப்ப வழியே இல்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களின் விசைப்படகுகள் நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்பவை. செல்போன் டவர் கரையை விட்டுக் கொஞ்ச தூரத்தில் கைவிட்டுவிடும், வி.எச்.எஃப். ரேடியோ அடுத்த படகு வரை எட்டும், கரை வரை எட்டாது. புறப்பட்டுப் போன பிறகு கொடுத்த எச்சரிக்கை யார் காதிலும் விழவில்லை. துபாயில் எளிதாகக் கிடைக்கும் துரையா சாட்டிலைட் போனை வாங்கி வந்து வைத்துக்கொள்ளலாமே என்றால், அரசு அனுமதியின்றி அதை இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். இஸ்ரோ உருவாக்கிய குறுஞ்செய்திக் கருவியை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில்தான் தொடங்கியது. இ-சிம்மைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லியாக வேண்டும். டவர் இல்லாத இடத்தில் அதற்கு வேலையில்லை.

சரி, இ-சிம். புதுப்பொருள் என்று மிரள எதுவும் இல்லை. அட்டையைச் செருகுவதற்குப் பதிலாக போனின் பலகையிலேயே சில்லைப் பற்றவைத்துவிட்டார்கள். நிறுவனத்தின் விவரத்தை அதில் இறக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். 2016-ல் ஒரு சாம்சங் கைக்கடிகாரத்திலும், 2017-ல் கூகுள் பிக்சல் 2 போனிலும், 2018-ல் ஐபோனிலும் வந்தது. ஊசியும் செல்லோ டேப்பும் போயின. இந்திய சிம் அதன் இடத்திலேயே இருக்க, பக்கத்தில் வெளிநாட்டு டேட்டா ஓடும்.

யாரிடம் வாங்குவது என்பதில்தான் பழைய ஆரல்வாய்மொழிச் சிக்கல் திரும்ப வருகிறது. வெளிநாட்டு சிம்மை இந்தியாவில் விற்கத் தொலைத்தொடர்புத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். அது இல்லை என்று 2024 ஜனவரியில் ஏராலோ, ஹோலாஃப்ளை என்ற உலகப் புகழ்பெற்ற இரண்டு செயலிகளும் இந்தியாவில் ஆப்பிள், கூகுள் கடைகளில் இருந்து நீக்கப்பட்டன. வெளிநாட்டு எண்ணைக் காட்டி இங்கே இணைய மோசடி நடக்கிறது என்பது அரசுத் தரப்பின் கவலை. நியாயமான கவலைதான். ஆனால் அதற்குப் பிறகு எது அனுமதி பெற்றது, எது பெறாதது என்பதைச் சாதாரணப் பயணி கண்டுபிடிப்பது லேசு அல்ல. சான்று உண்டா என்று விற்பவரிடமே கேட்பதும், பாஸ்போர்ட்டும் விசாவும் கேட்காமல் விற்பவரைச் சந்தேகிப்பதும் நல்லது.

குமரி மாவட்டத்தில் இ-சிம் யாருக்கு உதவும்? ஜெருசலேம் புனிதப் பயணம் போகிறவர்களை எடுத்துக்கொள்ளலாம். 2011-ல் தமிழக அரசு மானியம் அறிவித்த பிறகு இந்தப் பயணம் நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டியது. எகிப்து, இஸ்ரேல், ஜோர்டான் என்று ஒரே பயணத்தில் மூன்று நாடு. நாட்டுக்கு ஒரு சிம் வாங்கினால் காசும் போகும், பொறுமையும் போகும். பல நாட்டுத் தொகுப்பாக ஒரே இ-சிம் வாங்குவதுதான் புத்தி. ஆனால் ‘மத்தியக் கிழக்கு’ என்ற பெயரை நம்பி வாங்கக் கூடாது; இந்த மூன்று பெயரும் பட்டியலில் தனித்தனியாக இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும். தக்கலையில் இருந்தோ திருவிதாங்கோட்டில் இருந்தோ உம்ரா போகிறவருக்குச் சவூதி ஒன்று போதும். அவருக்குத் தொகுப்பு வீண்.

எவ்வளவு ஜி.பி. என்பதைவிட எத்தனை நாள், எப்போது முதல் நாள் தொடங்குகிறது என்பது முக்கியம். சிலவற்றில் வாங்கிய நிமிடத்திலேயே நாள் ஓட ஆரம்பித்துவிடும். பழைய பூத் மீட்டர் மாதிரி. ‘அன்லிமிடெட்’ என்பதன் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரம்பு இருக்கும், அதைத் தாண்டினால் வேகம் மாட்டுவண்டி. பெரும்பாலான பயண இ-சிம்களில் எண் கிடையாது, டேட்டா மட்டுமே. ஓ.டி.பி. வர வேண்டியது இந்திய எண்ணுக்குத்தான்; அதனால் அந்த சிம்மை அணைக்காமல், அதன் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வைக்க வேண்டும். இதை மறந்து ஊர் சிம்மில் வீடியோ பார்த்துவிட்டு வந்து பில்லைக் கண்டு தலையில் கைவைத்தவர் தெருவுக்கு ஒருவர் உண்டு. சொகுசுக் கப்பலில் போகிறவர் போனை விமான முறையில் போட்டுவிடுவது உத்தமம். நடுக்கடலில் கப்பலின் சொந்த வலை போனைப் பிடித்துக்கொண்டால் கட்டணம் கரை கணக்கில் இருக்காது.

லாஞ்சில் வேலைக்குப் போகிறவருக்கும் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கம்பி கட்டப் போகிறவருக்கும் இது சரிப்படாது. அந்த ஊர் அட்டை கிடைத்ததும் அந்த ஊர் சிம் வாங்குவதுதான் மலிவு. வேண்டுமானால் முதல் வாரத்தைத் தள்ள ஒரு சின்னப் பொதி வாங்கலாம், விமான நிலையத்தில் இருந்து “வந்து சேந்துட்டேன்” என்று சொல்லவாவது. ஒரு காலத்தில் அந்த இரண்டு சொல்லுக்கு ஒரு மாதம் காத்திருந்தார்கள்.

போகிறவர்கள் வீட்டிலேயே, வைஃபை இருக்கும்போதே இ-சிம்மை இறக்கிக்கொள்ளுங்கள். ஒருமுறை அழித்தால், அதை இறக்கப் பயன்படுத்திய கியூ.ஆர். கட்டம் பெரும்பாலும் மறுபடி வேலை செய்யாது. அதற்கும் முன்பாக, காசு கட்டுவதற்கு முன்பே, போனில் *#06# அடித்துப் பாருங்கள். பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணோடு இ.ஐ.டி. என்று 32 இலக்க எண்ணும் தெரிந்தால் உங்கள் போன் இ-சிம் ஏற்கும். தெரியாவிட்டால் செல்லோ டேப்பை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.